குசினித் தண்ணி

இருங்கோ பிள்ளை, இருங்கோ. இந்தப் பையை நான் மடியில வைச்சுக்கொள்ளுறன். தமிழ்தானே? முகத்தைப் பாக்கவே தெரிஞ்சது. கிச்சினர்ல பஸ் ஏறேக்கயே நினைச்சனான், ரொறன்ரோ போய்ச் சேருமட்டும் ஒருத்தரோடயும் வாய் திறக்கிறேல்லை எண்டு. கதைச்சா எனக்கு ஆத்திரம் வரும். ஆத்திரம் வந்தா பிறசர் ஏறும். பிறகு வதனி என்னை ஏசுவாள். வதனி என்ர மகள். ஆனா நீங்கள் "எங்க ஐயா போறியள்" எண்டு கேட்டிட்டியள். கேட்டா நான் சொல்லத்தானே வேணும்.

ஒரு திறப்பு வாங்கப் போறன். என்ர மகளின்ர வீட்டுக் கதவுத் திறப்பு, ஸ்காபுறோவில ஒரு கேடுகெட்ட எளியவன்ர பொக்கற்றுக்குள்ள கிடக்குது. அதை வாங்கிப்போட்டு, இந்தா, இந்த ஜாம் போத்தலுக்குள்ள இருக்கிற மண்ணை அவற்ற மூஞ்சைக்கு நேர பிடிச்சு, "நக்கிப் பாரும் காணும்" எண்டு சொல்லப்போறன். அவற்ற பெரிய மகன், மருமகள், பேரப்பிள்ளையள் எல்லாரும் நிக்கிற நேரமாப் பாத்துத்தான் போறன். சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் நிப்பினம்.

ஆரெண்டோ? என்ர சம்பந்தி. வதனியின்ர மாமனார். அருளம்பலம் மாஸ்ரர். ஊரில கெமிஸ்ற்றி படிப்பிச்சவராம். இப்ப எழுபத்திரண்டு வயசாகுது, இன்னும் வாத்தி வேலை விடேல்லை. தேத்தண்ணிக்குச் சீனி போட்டாலும் அதுக்கொரு விளக்கம் வரும். நான் தோட்டக்காரன், பிள்ளை. நீர்வேலிச் செம்பாட்டில முப்பது வருசம் புகையிலை வைச்சவன். பேர் நல்லையா. கலியாணம் பேசி வரேக்க இந்த மனிசன் என்ர கையைப் பாத்துப்போட்டு, "தோட்டஞ் செய்யிற ஆக்கள், என்ன?" எண்டு கேட்டவர். அவ்வளவுதான் கேட்டவர். ஆனா கேட்ட விதம் கிடக்குதே, பதினாறு வருசமாச்சு, எனக்கு இன்னும் காதுக்குள்ள நிக்குது.

அப்பிடிப்பட்ட ஆளும் நானும் ஒரே வீட்டில. வேற என்ன செய்யிறது, பிள்ளையள் வீடு வாங்கினா தாய் தேப்பனை எல்லாம் ஒரு கூரைக்குக் கீழதானே போடுதுகள். மேல ஒரு அறையில நானும் மங்கையும். மங்கை என்ர மனிசி. அடுத்த அறையில அவர் தனிய. அவற்ற மனிசி முந்தியே போய்ச் சேர்ந்திட்டா, புண்ணியவதி.

கொஞ்சம் கிட்ட வாங்கோ, மெல்லமாச் சொல்லுறன். முன்னுக்கு இருக்கிறவையும் எங்கட ஆக்கள் போல கிடக்குது. மங்கைக்கு வயித்தில புற்றுநோய். கீமோ ஏத்தத் தொடங்கினாப் பிறகு ஒரு வாய் தண்ணி நிக்காது. சோத்தைக் கண்டாலே ஓங்காளம். நாப்பத்தொரு கிலோவுக்கு வந்திட்டா. அப்ப டொக்ரர்தான் சொன்னவர், கஞ்சா கொஞ்சமாக் குடுத்துப் பாருங்கோ, பசி எடுக்கும் எண்டு. ஓம், அதுதான். முழிக்காதேங்கோ. இஞ்ச அது சட்டப்படி சரி. ஒரு வீட்டுக்கு நாலு கண்டு வைக்கலாம். கடையில விக்கிற எண்ணெயை முதல் வாங்கிக் குடுத்தம், தலை சுத்தி பாத்றூமில விழுந்தா. பிறகு மருமோன் நாலு கண்டு கொண்டந்து பேஸ்மென்றில லைற் பூட்டி வைச்சான். வதனி அந்தப் பூவை நெய்யில காய்ச்சி, கஞ்சியில ரெண்டு சொட்டு விட்டுக் குடுத்தாள். நிண்டுது, பிள்ளை. முதல் அறுவடை நெய்யில மங்கை ஒரு நாள் சோறும் சூடைமீன் குழம்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவ. நான் அடுப்புக்குப் பின்னால திரும்பி நிண்டு அழுதனான், உங்களுக்குச் சொன்னா என்ன.

அந்த அறுவடைக்கு மண் ஆற்ற மண்? என்ர மண்.

மண் எண்டா கடையில வாங்கிக்கொண்டந்து சட்டியில கொட்டுறேல்லை. கார் விடுற கறாச்சில தறப்பாளை விரிப்பன். பஞ்சு மாதிரிக் கறுத்த மண் ஒண்டு பாக்கில விக்கினம், அது ஒரு பங்கு. மண்புழு எரு ஒரு பங்கு. தண்ணி வடியிறதுக்கு அந்த வெள்ளைப் பொரிக்கல்லு ஒரு பங்கு. பிறகு வேப்பம் பிண்ணாக்கு, முட்டைக்கோதை வறுத்து இடிச்ச தூள், இறால் கோது காயவைச்சு அரைச்ச தூள், எல்லாம் அளவா. மண்வெட்டியால இஞ்சால இருந்து அங்கால, அங்கால இருந்து இஞ்சால, ஏழு தரம் பிரட்டுவன். தண்ணி தெளிச்சுக் கையில பிடிச்சா உருண்டையா நிக்கோணும், விரலால ஒரு தட்டுத் தட்டினா உடையோணும். அதுதான் பதம். பிறகு மூண்டு கிழமை மூடி வைக்கிறது. முதல் கிழமை கையை விட்டா சுடும். அந்தச் சூடு ஆறாமல் கண்டு நட்டா வேர் வெந்து போகும். இதெல்லாம் அவருக்கு எங்க தெரியும்? வந்து மோந்து பாத்துப்போட்டு "நைதரசன் கொஞ்சம் கூடிப்போச்சோ" எண்டார். கண்டறியாத நைதரசன்!

மண் என்ர பொறுப்பு எண்டு ஆனாப் பிறகு, தண்ணி தன்ர பொறுப்பு எண்டு அவர் பிடிச்சுக்கொண்டார். ஆரும் கேட்டதோ? இல்லை. தானா வந்து பிடிச்சது. பிள்ளை, அந்த மனிசன் தண்ணிக்குச் செய்த சடங்கை நீங்கள் பாத்திருக்கோணும். மேல சமைக்கிற குசினியில இருந்து வாளியில பிடிச்சு, பதின்மூண்டு படி இறங்கி, பேஸ்மென்றுக்குக் கொண்டு வருவார். முழங்கால் ஏலாத மனிசன், கம்பியைப் பிடிச்சுப் பிடிச்சு வருவார். பேஸ்மென்றில உடுப்புத் தோய்க்கிற இடத்தில பைப் கிடக்குது! ரெண்டு எட்டு வைச்சாப் பைப்! விசரோ இல்லையோ? வாளியில வைச்சு ஒரு நாள் முழுக்க மூடாமல் விடுவார். குளோரின் பறக்கோணுமாம். பிறகு கடதாசித் துண்டை நனைச்சு நிறம் பாப்பார். பிறகு ரெண்டு சொட்டு வினாகிரி. பிறகு சக்கரைப்பாணி ஒரு கரண்டி. வாளியில திங்கள், செவ்வாய் எண்டு பேர் எழுதி ஒட்டியிருந்தவர்.

அதோட விட்டாரோ? அந்தப் பேஸ்மென்ற் பைப்புக்கு மேல ஒரு கடதாசி ஒட்டினார். வடிவான கையெழுத்து, வாத்தியெல்லோ. "இந்தத் தண்ணி கண்டுகளுக்குக் கூடாது." ஆருக்கு அது? தன்ர மகனுக்கோ? வதனிக்கோ? அதுகள் வேலைக்குப் போனா இருட்டினாப் பிறகு வருதுகள். எனக்குத்தான் அது. முப்பது வருசம் கிணத்துத் தண்ணியை நாக்கில வைச்சு, இது நல்ல தண்ணி, இது உப்புக் கலந்த தண்ணி, இதைப் புகையிலைக்கு விடலாம், விடேலாது எண்டு சொன்ன எனக்கு இந்த மனிசன் சட்டம் எழுதி ஒட்டுறார். அண்டைக்கே கிழிச்சுக் குப்பையில போட்டன். அவர் கண்டவர், ஒண்டும் கேக்கேல்லை. கேட்டிருந்தா நல்லா வாங்கியிருப்பார்.

முதல் அறுவடை வெட்டின அண்டைக்கு வதனி என்ன சொன்னவள் தெரியுமோ? "மாமா, எல்லாம் உங்கட தண்ணியாலதான்." மாமா, உங்கட தண்ணி! மண்ணைப் பற்றி ஒரு சொல்லு? தேப்பன் முறிஞ்சு முறிஞ்சு பிரட்டின மண்ணைப் பற்றி ஒரு சொல்லு? அவர் பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டார். நான் பெத்த பிள்ளை, பிள்ளை. எனக்கு அண்டைக்கு இரவு சோறு இறங்கேல்லை.

சரி, ரெண்டாம் போகம் தொடங்கிச்சு. அப்ப நான் நினைச்சன், இனி இது சரிவராது. நிண்ட தண்ணியை ஒரு தோட்டக்காரனும் பயிருக்கு விடமாட்டான். விடியக் கிணத்தில இருந்து வாற தண்ணி, குளிரக் குளிர வாய்க்காலில ஓடோணும். அதுதான் உயிர்த்தண்ணி. ஒரு நாள் வாளியில கிடந்து தூசி விழுந்த தண்ணி செத்த தண்ணி. அதை என்ர மங்கைக்கு மருந்தாகப்போற கண்டுக்கு விடுறதோ? அவர் விடிய எட்டு மணிக்கு நடக்கப் போவார். கதவு சாத்தின சத்தம் கேட்டவுடன நான் கீழ இறங்குவன். அவற்ற வாளித் தண்ணியை வெளிய ஊத்திப்போட்டு, பேஸ்மென்ற் பைப்பில புதுத்தண்ணி பிடிச்சு, அதே வாளியில, அதே அளவுக்கு வைச்சிடுவன். வந்து அவர் பாட்டுக்குக் கண்டுகளுக்கு விடுவார். தன்ர தண்ணி எண்டு நினைச்சு! அடுப்படிக்கு வந்து "கண்டுகள் இண்டைக்கு வடிவா நிக்குது" எண்டு வேற சொல்லுவார். எனக்குச் சிரிப்பை அடக்கேலாமக் கிடக்கும். அஞ்சு கிழமை அப்பிடி. ஒருத்தருக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் முதல் முதல் சொல்லுறன்.

ஒரு சொட்டுத் தண்ணி சட்டிக்குக் கீழால வடிஞ்சு போகவும் விடமாட்டன். என்ர மண்ணின்ர சத்தெல்லாம் அதோட போயிடும். வடிஞ்ச தண்ணியைத் தட்டில இருந்து எடுத்துத் திருப்பி மேல விடுவன்.

ஆறாம் கிழமை இலை விளிம்பு கருகத் தொடங்கிச்சு.

 அந்தக் கருகல் எனக்குத் தெரியும். கடல் பக்கத் தோட்டங்களில உப்பேறின கிணத்துத் தண்ணி விட்டா புகையிலை இப்பிடித்தான் கருகும். நுனியில தொடங்கி ஓரத்தால சுத்தி வரும். மண்ணுக்கு மேல வெள்ளையா ஒரு படை. ஒரு கிள்ளு எடுத்து நாக்கில வைச்சன். கரிச்சுது! உப்பு! என்ர மண்ணில உப்பு! நான் உப்புப் போட்டனோ? இல்லை. தண்ணியிலயோ? தண்ணி நான் மாத்தின தண்ணி, புதுத்தண்ணி. அப்ப என்ன மிச்சம்? ஆரோ மண்ணிலதான் போட்டிருக்கோணும். வீட்டில பகல் முழுக்க நிக்கிற ஆக்கள் ஆர்? படுக்கையில கிடக்கிற மங்கை, நான், அவர். சொல்லுங்கோ பார்ப்பம்.

அந்தக் கிழமை ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட இருந்தம். மங்கையும் எழும்பி வந்து மேசையில இருந்தவ. நான் ஒரு கிண்ணத்தில அந்த மண்ணைக் கொண்டந்து அவற்ற கோப்பைக்குப் பக்கத்தில வைச்சன். "என்ர மனிசி சாக வேணும் எண்டுதானே உப்புப் போட்டனீர்?" எண்டு கேட்டன். மருமோன் எழும்பினான். வதனி "அப்பா!" எண்டு கத்தினாள். அவர் மண்ணைத் தொட்டு நாக்கில வைச்சார். முகம் ஒரு மாதிரிப் போச்சு. "நான் குசினித் தண்ணி மட்டுந்தான் விட்டனான்" எண்டார். "பொய்!" எண்டன். எனக்குத் தெரியுமே அது பொய் எண்டு, குசினித் தண்ணியை நானெல்லோ வெளிய ஊத்தினது. ஆனா அதைச் சொல்லேலாதுதானே.

பிறகு அவர் என்ன சொன்னவர் தெரியுமோ? "நல்லையா, மண்ணைப் பாக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கள்தான் எண்டு நான் போற இடமெல்லாம் சொல்லுறனான். நீங்களோ இப்பிடிச் சொல்லுறியள்?" நடிப்பு! கை கழுவினார், பெட்டியைக் கட்டினார், பின்னேரமே பெரிய மகன் வந்து கூட்டிக்கொண்டு போயிட்டான். மங்கை மூண்டு நாள் என்னோட கதைக்கேல்லை. எனக்கு அது நோகேல்லை எண்டு நினைக்கிறியளோ? நாப்பத்தாறு வருசத்தில மூண்டு நாள்.

நான் கருகின கண்டுகளைப் பிடுங்கி, அந்த மண் முழுக்க வெளிய கொட்டினன். புதுசா மண் கலந்தன். ஏழு தரம் பிரட்டி, மூண்டு கிழமை மூடி, புது நாலு கண்டு வைச்சன். இந்தமுறை மண்ணும் நான், தண்ணியும் நான். விடிய விடியப் புதுத்தண்ணி. ஒருத்தற்ற கண்ணும் படாது, கையும் படாது.

போன செவ்வாய்க்கிழமை விளிம்பு கருகியிருக்குது.

இப்ப விளங்குதோ ஏன் திறப்பு வாங்கப் போறன் எண்டு? அந்த எளியவன் திறப்பைத் திருப்பித் தரேல்லை. செவ்வாயும் வெள்ளியும் மங்கையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறம், வீட்டில ஒருத்தரும் இல்லை. அவருக்கு அது நல்லாத் தெரியும். ஸ்காபுறோவில இருந்து ரெண்டு மணித்தியாலம் பஸ்ஸில வந்து உப்புப் போட்டுப்போட்டுப் போறார். வதனிக்குச் சொன்னா, "அப்பா, உங்களுக்கு விசர்" எண்டுறாள். நெய்ப் போத்தலில இனி ஒரு விரல் அளவுதான் கிடக்குது. நேற்று மங்கை ஒரு கரண்டி கஞ்சியோட கோப்பையைத் தள்ளிப்போட்டா. தள்ளிப்போட்டு, "நீங்கள் போய் மாஸ்ரரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" எண்டா. கூட்டிக்கொண்டு வாறதோ! நான் ஓமெண்டு தலையாட்டிப்போட்டுத்தான் வெளிக்கிட்டனான். திறப்பு இல்லாட்டி எப்பிடி வருவார், பாப்பம்.

என்ன கேட்டனீங்கள்? எந்தப் பைப்போ? சொன்னனே, பேஸ்மென்ற் பைப். ஓம், உடுப்புத் தோய்க்கிற இடம். ஓம், பக்கத்தில உயரமா ஒரு சிலிண்டர் நிக்குது. அது தண்ணி மிசின். இஞ்சத்த தண்ணியில சுண்ணாம்பு கூட, குளிச்சாத் தலைமயிர் நார் மாதிரிப் போகும். அந்த மிசின் பூட்டினாப் பிறகு சரி. அதுக்கு உப்புப் போடுறதே நான்தான், பிள்ளை! மாசாமாசம் இருபது கிலோ உப்புப் பாக், காரில இருந்து கீழ இறக்கி, வெட்டி, வாய் மட்டும் நிரப்புறது இந்த நல்லையா. எழுபது வயசில! மாஸ்ரர் ஒரு நாள் ஒரு முனை பிடிச்சிருப்பாரோ? இல்லை. படிச்ச ஆக்கள் உப்பு மூட்டை தூக்கமாட்டினம்.

என்ன? ஏன் அப்பிடிப் பாக்கிறியள்?

அந்த உப்பு எங்க போறதோ? மிசினுக்குள்ள போகுது. மிசின் அதைத் தின்னுது.

தண்ணிக்கோ?

குசினிப் பைப்புக்கு மட்டும் அந்த மிசினால வராதோ? அதை வேறயா விட்டிருப்பினமோ? உங்கட வீட்டிலயும் அப்பிடித்தானோ?

இல்லை. இல்லைப் பிள்ளை. நீங்கள் பிழையாக் கதைக்கிறியள். நாலு வருசமா நான் கீழ வேலை செய்யேக்க அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறனான். நீங்கள் ஆர்? நீங்கள் அருளம்பலத்தாருக்கு என்ன முறை? அவற்ற பெறாமகளோ? அவர்தான் உங்களை இந்த பஸ்ஸில ஏத்தி விட்டவரோ? மாஸ்ரரிட்டப் படிச்சனீங்களோ, சொல்லுங்கோ! முன்னுக்கு இருக்கிறவை திரும்பிப் பாத்தாப் பாக்கட்டும்!

இந்தா, இது என்ர தண்ணிப் போத்தல். விடிய அந்தப் பைப்பிலதான் நிரப்பினனான். குடிச்சுப் பாக்கிறன். உங்களுக்கு முன்னாலயே குடிக்கிறன்.

ம்.

உப்பு இல்லை. எனக்கு ஒண்டும் தெரியேல்லை. வெறுந் தண்ணி.

ஓம், கேட்டுது. திருப்பிச் சொல்லாதேங்கோ. நாக்குக்குத் தெரியாது, மண்ணில கொஞ்சம் கொஞ்சமாச் சேரும். தண்ணி காஞ்சு போகும், உப்பு அதுக்குள்ளயே கிடக்கும். நான்தானே ஒரு சொட்டு வடிய விடேல்லை. தட்டில வடிஞ்சதையும் எடுத்துத் திருப்பி விட்டனான்.

அவர் எழுதி ஒட்டினவர், பிள்ளை. வடிவா எழுதி ஒட்டினவர். நான் கிழிச்சுப் போட்டன்.

அந்த முழங்காலோட பதின்மூண்டு படி இறங்கி வந்தவர். நான் மேல நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனான், விழுந்தா நல்லம் எண்டு கூட நினைச்சனான். பிறகு அவர் கொண்டந்த தண்ணியை ஊத்தினனான். என்ர மங்கையின்ர வாய்க்குப் போற தண்ணியை நானே ஊத்தினனான். மனிசி ஒரு கரண்டி கஞ்சியோட கோப்பையைத் தள்ளுது. நான் பேஸ்மென்றில நிண்டு சிரிச்சனான்.

இது எந்த இடம்? ஸ்காபுறோ வந்திட்டுதோ? அடுத்ததில நான் இறங்கோணும். பெல்லை அடிக்காதேங்கோ. கொஞ்சம் பொறுங்கோ. இல்லை, அடியுங்கோ, அடியுங்கோ. நெய் ஒரு விரல்தான் கிடக்குது.

இந்த மண் போத்தலை உங்கட பையில வைச்சுக்கொள்ளுங்கோ. அவர் காணக்கூடாது. திறப்பு அவரிட்டயே இருக்கட்டும்.

பிள்ளை, ஒண்டு மட்டும் சொல்லித் தாங்கோ. கதவைத் திறந்துகொண்டு அவர் வந்து நிப்பார். முதல் என்ன சொல்லுறது? வீட்டில இருந்து வரேக்க எல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்தனான், இப்ப ஒண்டும் உதவாது. கெதியாச் சொல்லுங்கோ, பஸ் நிக்கப்போகுது. எனக்கு ஏசத்தான் தெரியும்.